ஏஜென்ட் பதிலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் நாவல் எழுதி முடித்து, நியூயார்க்கிலோ லண்டனிலோ இருக்கும் இலக்கிய ஏஜென்ட்டுகளுக்கு, அதாவது எழுத்தாளர் சார்பில் நூலைப் பதிப்பகங்களுக்கு விற்றுத்தருபவர்களுக்கு, அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தமிழர்கள் இன்று சென்னை, கொழும்பு, டொரண்டோ, சிங்கப்பூர் என்று பல ஊர்களில் இருக்கிறார்கள். முதலில் போவது நாவலைப் பற்றிய ஓர் அறிமுகக் கடிதமும் சில பக்கங்களும்தான்; பிடித்திருந்தால் முழு நாவலையும் கேட்பார்கள். எப்படி அனுப்புவது என்று சொல்லித்தர ஆள் உண்டு. அனுப்பிய பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. எழுதும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பொறுமை தானாக வந்துவிடும். எந்தப் பதில் உங்கள் எழுத்தைப் பற்றி ஏதாவது சொல்கிறது, எது எதுவுமே சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கப் பழகினால் மீதியும் வரும்.

ஏஜென்ட் எதற்கு? நேராகப் பதிப்பகத்துக்கே அனுப்பினால் என்ன?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாக வரும் நாவல்களைத்தான் படிக்கின்றன. பெங்குயின் ரேண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ், சைமன் அண்ட் ஷூஸ்டர், ஹாஷெட், மேக்மில்லன் என்ற ஐந்துக்கும் இது பொருந்தும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் லண்டனில் ஏ. பி. வாட் என்பவர் தொடங்கிவைத்த தொழில் இது. அவர் வாங்கியது பத்து சதவீதம். இப்போது உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதமும் வெளிநாட்டு உரிமைகளுக்கு 20 சதவீதமும் வழக்கம். இந்தியாவில் நிலைமை வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அனுப்பி இரண்டு மாதம் ஆகிவிட்டது. பதிலே இல்லை. பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. பெரும்பாலும் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காத்திருப்பவர்களை அதிகம் வாட்டுவது இந்த மௌனம்தான்.

ஒரு ஏஜென்ட்டின் வருமானத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு முதல் நாவலுக்குப் பதிப்பகம் 20,000 டாலர் முன்பணம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட்டுக்குக் கிடைப்பது 3,000 டாலர். அதுவும் மொத்தமாக வராது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது ஒரு பங்கு, பிரதி ஏற்கப்படும்போது ஒரு பங்கு, புத்தகம் வெளிவரும்போது ஒரு பங்கு என்று இரண்டு வருடத்தில் பிரிந்து வரும். புதியவர்களின் கடிதங்களைப் படிப்பதற்கு அவருக்கு ஒரு காசும் இல்லை. ஏற்கெனவே அவரிடம் இருக்கும் எழுத்தாளர்களின் ஒப்பந்தம், திருத்தம், பாக்கிப் பணம் இவைதான் அலுவலக நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. உங்கள் கடிதத்தை அவர் படிப்பது இரவிலோ, வார இறுதியிலோ, ரயிலிலோ. பல அலுவலகங்களில் முதலில் ஓர் உதவியாளர் படித்துப் பிரிக்கிறார்.

இதோடு நாள்காட்டியும் சேர்ந்துகொள்கிறது. லண்டன் புத்தகச் சந்தை வசந்த காலத்தில், ஃபிராங்ஃபர்ட் புத்தகச் சந்தை அக்டோபரில். இரண்டுக்கும் முன்னும் பின்னும் சில வாரங்கள் ஏஜென்ட்டுகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆகஸ்டில் நியூயார்க்கின் பதிப்புலகம் மந்தமாகிவிடும். டிசம்பரில் சில ஏஜென்ட் நிறுவனங்கள் புதிய கடிதங்களை வாங்குவதையே நிறுத்திவிடுகின்றன. செப்டம்பர் கடைசியில் அனுப்பிய கடிதத்துக்கு நவம்பரில் பதில் இல்லை என்றால் அதில் உங்கள் நாவலுக்குப் பங்கே இல்லாமல் இருக்கலாம்.

சரி, பதிலே வராமல் போவதும் உண்டுதானே? உண்டு. பல நிறுவனங்கள் தங்கள் விதிமுறைப் பக்கத்திலேயே எழுதிவிடுகின்றன: எட்டு வாரத்திலோ பன்னிரண்டு வாரத்திலோ எங்களிடமிருந்து எதுவும் வராவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று. எழுத்தாளரின் பக்கத்தில் நின்று பார்த்தால் இது மரியாதைக் குறைவுதான்; இரண்டு வரி எழுதியிருக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதுவும் படித்து வெறுத்த மௌனம் அல்ல. அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள். தேதி கடந்ததும் அந்தப் பெயரை மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் அதைப் பற்றி யோசிக்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

நினைவூட்டி ஒரு மெயில் போடலாமா?

முதல் கடிதத்துக்கு என்றால், அவர்களே சொன்ன காலம் கடந்த பிறகு மட்டும், அதுவும் கேட்கலாம் என்று விதியில் இருந்தால் மட்டும். பலர் இப்போது குவெரிமேனேஜர் என்ற இணையப் படிவம் வழியாகத்தான் வாங்குகிறார்கள். அனுப்பியதும் வரும் உறுதி மெயிலில் ஓர் இணைப்பு இருக்கும், நிலை என்ன என்று அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். முழு நாவலையும் கேட்டு வாங்கியிருந்தால் கதை வேறு. மூன்று மாதம் ஆனதும் மரியாதையாக இரண்டு வரி எழுதலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அனுப்பலாம்? ஒருவர் பதில் சொல்லும்வரை மற்றவருக்கு அனுப்பக் கூடாதா?

ஒருவர் பதிலுக்காக ஒரு வருடம் காத்திருந்து, பிறகு அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் நம்மில் உண்டு. தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிப் பழகியவர்களுக்கு அதுதான் நேர்மை என்று தோன்றும். ஒரு கதையை ஒரு பத்திரிகைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஏஜென்ட் உலகில் அப்படி இல்லை. ஒரே சமயத்தில் பலருக்கு அனுப்புவீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே நிறுவனத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பாமல் இருந்தால் போதும். சில நிறுவனங்களில் ஒருவர் மறுத்தால் எல்லோரும் மறுத்த மாதிரி, அதையும் படித்துக்கொள்ளுங்கள்.

எட்டு, பத்துப் பேராகப் பிரித்து அனுப்புவதுதான் நல்லது. பொதுவாக ஒரு நாவலை ஒரு ஏஜென்ட்டுக்கு ஒரு தடவைதான் காட்ட முடியும். நாற்பது பேருக்கும் ஒரே இரவில் அனுப்பிவிட்டால், கடிதத்தில் ஒரு குறை இருப்பது பிறகு தெரிந்தாலும் திருத்தி அனுப்ப ஆள் இருக்காது. சின்னச் சின்னத் தொகுதியாகப் போனால் ஒவ்வொரு சுற்றுக்கு நடுவிலும் கடிதத்தையும் முதல் அத்தியாயத்தையும் தட்டிச் சீராக்கலாம். நம்பிக்கைக்கும் இது உதவும். இன்னும் அனுப்பாத பெயர்கள் பட்டியலில் இருக்கிறவரை ஒரு மறுப்பு அவ்வளவு கனக்காது.

வரும் மறுப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. எதை நம்புவது?

எல்லோருக்கும் போகும் அச்சுக் கடிதம் முதல் வகை. "கதையோடு நான் ஒன்றிப்போகவில்லை, இது என் தனிப்பட்ட கருத்துதான், வேறொருவர் வேறு மாதிரி நினைக்கலாம்" என்ற பொருளில் நாலு வரி இருக்கும். அந்த வரிகளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஆராய்ச்சி செய்யாதீர்கள். ஒன்றிப்போகவில்லை என்ற சொல்லுக்குள் உங்கள் கதாநாயகி இல்லை. அதே வரிகள் அன்றைக்கு வேறு பலருக்கும் போயிருக்கும். அதற்குப் பதில் எழுதவும் வேண்டாம்.

உங்கள் பாத்திரத்தின் பெயரையோ ஒரு காட்சியையோ குறிப்பிட்டு எழுதியிருந்தால் அது வேறு. நேரமில்லாத ஒருவர் உங்களுக்காக நேரம் எடுத்திருக்கிறார். அதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த நாவல் எழுதியதும் முதல் கடிதம் அவருக்குத்தான் போக வேண்டும்.

தனித்தனிப் பதில்களைவிட மொத்தமாகப் பார்ப்பது பயன் தரும். ஒரு சுற்று, இரண்டு சுற்று அனுப்பியும் ஒருவர்கூட மேற்கொண்டு பக்கம் கேட்கவில்லை என்றால் பிரச்சினை பெரும்பாலும் கடிதத்திலோ முதல் சில பக்கங்களிலோ இருக்கிறது. நாவலின் அளவும் காரணமாக இருக்கலாம். பெரியவர்களுக்கான முதல் நாவல் 80,000 முதல் 1,00,000 சொல் என்பதுதான் அங்கே பழகிய கணக்கு. 1,80,000 சொல் என்று போட்டிருந்தால் பலர் அதற்கு மேல் படிக்க மாட்டார்கள். கடிதம் முந்நூறு சொல்லுக்குள் இருக்கிறதா, கதாபாத்திரத்துக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பது புரிகிறதா, உங்கள் நாவலோடு ஒப்பிட்டுக் காட்டும் புத்தகங்கள் கடந்த நாலைந்து வருடத்தில் வந்தவையா என்று பாருங்கள். நம்மவர்கள் கடிதங்களில் ஒன்றை அடிக்கடி கவனிக்கிறேன்: நாவலின் கருப்பொருளைப் பற்றி, சாதியையும் புலம்பெயர்வையும் நினைவையும் பற்றி, அழகாக எழுதியிருப்பார்கள், யாருக்கு என்ன நடக்கிறது என்பது மட்டும் இருக்காது. ஏஜென்ட் தேடுவது அதைத்தான்.

பக்கம் கேட்டு வாங்குகிறார்கள், முழு நாவலையும் படித்த பிறகுதான் மறுக்கிறார்கள் என்றால் உங்கள் கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது. பார்க்க வேண்டிய இடம் நாவலின் நடுப்பகுதி. முதல் ஐம்பது பக்கம் பலமுறை திருத்தப்பட்டிருக்கும், நடுவில் ஓட்டம் தளர்ந்திருக்கும். இரண்டு பேர் ஒரே குறையைச் சொன்னால் அனுப்புவதை நிறுத்திவிட்டுத் திருத்துங்கள். ஒருவர் "வேகம் போதாது" என்றும் இன்னொருவர் "அவசரமாக ஓடுகிறது" என்றும் சொன்னால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

முழு நாவலையும் கேட்டிருக்கிறார்கள். தூக்கம் வரவில்லை.

முதலில் சந்தோஷப்படுங்கள். வந்து குவியும் கடிதங்களில் மிகச் சிலவற்றுக்கே இது நடக்கிறது. வீட்டில் ஒரு பாயசம் வைத்துச் சாப்பிட்டால் தப்பே இல்லை. ஏஜென்ட் கிடைத்த பிறகு கொண்டாடலாம் என்று தள்ளிப்போட்டால் நடுவில் கிடைக்கும் எந்த மகிழ்ச்சியும் கைக்கு வராது.

பிரதியை அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுங்கள். அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை முழுக்கத் திருத்துகிறேன் என்று இரண்டு மாதம் எடுக்காதீர்கள். நாவல் என்றால் முழுசாக முடித்த பிறகுதான் கடிதமே அனுப்ப வேண்டும் என்பது இதனால்தான். புனைவல்லாத நூலுக்கு மட்டும் திட்டமும் மாதிரி அத்தியாயங்களும் போதும்.

அதன் பிறகு மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். குவெரிடிராக்கர் தளத்தில் அந்த ஏஜென்ட் யாருக்கு எத்தனை நாளில் பதில் சொன்னார் என்று பார்க்க முடியும். தினமும் அதைத் திறந்து, எனக்குப் பின்னால் அனுப்பியவருக்குப் பதில் போய்விட்டது, என்னுடையதை எடுத்து வைத்திருக்கிறாரா, தள்ளிவிட்டாரா என்று கணக்குப் போடுகிறவர்கள் பலர். அந்தக் கணக்கில் எந்த உண்மையும் இல்லை. ஏஜென்ட்டுகள் வரிசையாகப் படிப்பதில்லை. வாரம் ஒருமுறைக்கு மேல் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று என்னைக் கேட்பவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

திருத்தி மறுபடி அனுப்பு என்கிறார். செய்யலாமா?

அவர் சொல்லும் திருத்தத்தைப் படித்ததும் "ஆமாம், இது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்" என்று தோன்றினால் செய்யுங்கள். அவசரப்படாமல் இரண்டு மூன்று மாதம் எடுத்துச் செய்யுங்கள். ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பினால் மேலோட்டமாகச் செய்ததாகத்தான் நினைப்பார். கதையையே வேறாக்கச் சொல்கிறார், மனம் ஒப்பவில்லை என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். ஒப்பந்தம் கிடைக்கும் என்ற உறுதி எதுவும் இதில் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

பெரிய எழுத்தாளர்களையும் எல்லோரும் மறுத்தார்களாமே? அந்தக் கதைகளைப் படித்தால் தெம்பாக இருக்கிறது.

தெம்புக்குப் படிக்கலாம், ஆனால் சரியாகப் படிக்க வேண்டும். இந்தக் கதைகளில் ஏஜென்ட்டுக்கான காத்திருப்பு, பதிப்பகத்துக்கான காத்திருப்பு என்று இரண்டு வேறு காத்திருப்புகள் கலந்து கிடக்கின்றன. ஹாரி பாட்டர் எழுதிய ஜே. கே. ரௌலிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஏஜென்ட் இரண்டாவது முயற்சியிலேயே கிடைத்துவிட்டார். அதன் பிறகு ஏறக்குறைய பன்னிரண்டு பதிப்பகங்கள் மறுத்து, கடைசியில் புளூம்ஸ்பரி எடுத்து, 1997இல் புத்தகம் வந்தது. ஜமைக்காவின் மார்லன் ஜேம்ஸின் முதல் நாவலை ஏறக்குறைய எண்பது இடங்களில் மறுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மனம் வெறுத்துக் கணினியிலிருந்து அழித்தும் விட்டார். பிறகு பழைய மெயில் ஒன்றிலிருந்துதான் அது மீண்டு வந்தது. 2005இல் புரூக்ளினில் இருக்கும் ஆகாஷிக் என்ற சின்னப் பதிப்பகம் அதை வெளியிட்டது. பத்து வருடம் கழித்து, 2015இல், வேறொரு நாவலுக்காக அவருக்கு புக்கர் பரிசு கிடைத்தது.

ஏஜென்ட்டுகளிடமே நீண்ட காலம் நின்றவர் என்றால் அமெரிக்க எழுத்தாளர் கேத்ரின் ஸ்டாக்கெட். அறுபது மறுப்புகளுக்குப் பிறகு அறுபத்தோராவது ஏஜென்ட் ஏற்றுக்கொண்டார் என்று அவர் எழுதியிருக்கிறார். 2009இல் அந்த நாவல் வந்தது. இதைச் சொல்பவர்கள் எண்ணிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, நடுவில் அவர் நாவலைத் திரும்பத் திரும்பத் திருத்தினார் என்பது. முதல் ஏஜென்ட் பார்த்த பிரதியும் அறுபத்தோராவது ஏஜென்ட் பார்த்த பிரதியும் ஒன்றல்ல.

இதற்கு நேர்மாறான கதையும் நம் நாட்டில் பிரபலம். அருந்ததி ராயின் முதல் நாவலைப் படித்த லண்டன் ஏஜென்ட் டேவிட் காட்வின் விமானம் ஏறி டெல்லிக்கே வந்துவிட்டார். அது நடந்ததுதான். ஆனால் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள், நல்ல எழுத்து என்றால் உடனே கண்டுகொள்வார்கள், என்னைக் கண்டுகொள்ளவில்லை என்றால் எழுத்து சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மேலே சொன்ன மூன்று பேருக்கும் அந்த விதி பொருந்தவில்லையே.

நான் இருப்பது மதுரையில். கதை நடப்பதும் இங்கேதான். அது எனக்குக் குறையா?

ஊர் ஒரு தடையில்லை. எல்லாமே மெயிலில்தான் நடக்கிறது, பேச்சு காணொலி அழைப்பில். கதைக்களம் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும்: "இதை எப்படி விற்பது என்று தெரியவில்லை" என்ற பதில் நம் களத்தில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக வரத்தான் செய்கிறது. இலங்கையின் ஷெஹான் கருணாதிலகவின் இரண்டாவது நாவல் 2020இல் இந்தியாவில் வெளிவந்தது. இலங்கை அரசியலும் அங்குள்ள தொன்மங்களும் மேற்கத்திய வாசகருக்குப் புரியாது என்று வெளியே அதை எடுக்கத் தயங்கினார்கள். சார்ட் ஆஃப் புக்ஸ் என்ற சின்ன லண்டன் பதிப்பகம் முன்வந்தது. அவர்களோடு உட்கார்ந்து நாவலை மறுபடி வேலை செய்தார். 2022இல் அதற்கு புக்கர்.

1980களின் யாழ்ப்பாணத்தைப் பற்றி வி. வி. கணேசானந்தன் எழுதிய நாவலை முடிக்க அவருக்கு ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. 2024இல் பிரிட்டனின் பெண்கள் புனைகதைப் பரிசு அதற்குக் கிடைத்தது. ஆகவே மதுரையை மாற்றாதீர்கள். கடிதத்தின் முதல் வரியிலேயே மதுரையை விளக்க ஆரம்பிக்காமல் இருந்தால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம், நேர வித்தியாசம். நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. அவர்கள் அலுவலகம் முடியும்போது நமக்கு விடியற்காலை மூன்று மணி அளவில். அதாவது, பதில்கள் வருவது நீங்கள் சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில். அனுப்புவதற்கென்று தனி மெயில் முகவரி வைத்து, போனில் அதன் அறிவிப்பை நிறுத்திவிடுங்கள். மறுநாள் உங்கள் எழுத்து வேலை முடிந்த பிறகு திறந்து பாருங்கள். காலையில் எழுந்ததும் மறுப்பைப் படித்துவிட்டு எழுத உட்காருவது யாருக்கும் சுலபமில்லை.

நான் எழுத்தாளர் இல்லை, தமிழிலிருந்து மொழிபெயர்ப்பவர். எனக்கும் இதே வழிதானா?

பெரும்பாலும் இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் பலர் நேரடியாகப் பதிப்பகங்களை அணுகுகிறார்கள், முக்கியமாகச் சின்னப் பதிப்பகங்களை. மூல ஆசிரியரிடமோ வாரிசுகளிடமோ எழுத்துமூலமாக அனுமதி வாங்குவதுதான் முதல் வேலை. அது இல்லாமல் மூன்று வருடம் உழைத்து முடித்தவர்களின் பிரதிகள் அப்படியே கிடக்கின்றன. பிறகு ஒரு மாதிரிப் பகுதி, நூலைப் பற்றிய இரண்டு பக்கக் குறிப்பு. பிரிட்டனில் இருக்கும் இங்கிலீஷ் பென் என்ற எழுத்தாளர் அமைப்பின் மொழிபெயர்ப்பு நிதிக்குப் பதிப்பகம் விண்ணப்பிக்கலாம். பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகளைத் தீபா பஸ்தி மொழிபெயர்த்து, ஆண்ட் அதர் ஸ்டோரீஸ் என்ற சின்னப் பதிப்பகம் வெளியிட, 2025இல் சர்வதேச புக்கர் கிடைத்தது நினைவிருக்கும். 2023இல் பெருமாள்முருகனின் நாவல், அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில், அதே பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகச் சந்தையும் உரிமை வாங்க, விற்க வருபவர்களுக்கானது. மொழிபெயர்ப்புக்கு நிதியும் தருகிறார்கள். விசாரித்துப் பாருங்கள்.

ஒரு ஏஜென்ட் உடனே பதில் போட்டார். படிப்பதற்குக் கட்டணம் கேட்கிறார்.

பணம் தராதீர்கள். முறையான ஏஜென்ட் உங்கள் புத்தகம் விற்ற பிறகு, பதிப்பகம் தரும் பணத்திலிருந்துதான் தன் பங்கை எடுப்பார். அமெரிக்க இலக்கிய ஏஜென்ட்டுகள் சங்கத்தின் நெறிமுறையே படிப்பதற்குக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது. நீண்ட நாள் காத்திருப்பவரின் மனம் எவ்வளவு இளகியிருக்கும் என்று ஏமாற்றுபவர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் நாவலை நுணுக்கமாகப் புகழ்ந்து, நிஜமான ஏஜென்ட் ஒருவரின் பெயரிலேயே, ஜிமெயில் முகவரியிலிருந்து எழுதுகிறார்கள். நீங்கள் அனுப்பாத ஒருவரிடமிருந்து கடிதம் வந்தால், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். ரைட்டர் பிவேர் என்ற தளம் பல வருடமாக இந்த மோசடிகளை வெளியிட்டு வருகிறது. பெயரைப் போட்டுத் தேடிப்பாருங்கள்.

வீட்டில், உறவில் எல்லோரும் "புக் எப்ப வருது?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் பரீட்சை எழுதினால் முடிவுக்கு ஒரு தேதி உண்டு. "அனுப்பியிருக்கேன் அத்தை, இதுக்கு ரெண்டு மூணு வருஷம்கூட ஆகும், வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் கேள்வி குறையும். ஒவ்வொரு மறுப்பையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யாராவது ஒருவரிடம் சொல்ல வேண்டும். தானும் அனுப்பிக்கொண்டிருக்கும் இன்னொரு எழுத்தாளர் என்றால் நல்லது. அவருக்கு விளக்கமே தேவைப்படாது.

அப்புறம், அந்த நண்பருக்கு முதலில் ஏஜென்ட் கிடைத்துவிடலாம். வலிக்கும். அன்றைக்கே வாழ்த்துங்கள், இரண்டு நாள் இணையத்தை விட்டுத் தள்ளி இருங்கள். அவருக்குக் கிடைத்தது உங்களுக்கு வர வேண்டிய இடம் அல்ல. உங்கள் நாவலுக்கு ஏற்ற ஏஜென்ட் பெரும்பாலும் வேறொருவர்.

காத்திருக்கும்போது என்ன எழுதுவது? இரண்டாம் பாகத்தைத் தொடங்கலாமா?

இரண்டாம் பாகம் வேண்டாம். முதல் பாகம் விற்காவிட்டால் இரண்டாவதை யாரிடமும் காட்ட முடியாது. வேறு மனிதர்கள், வேறு ஊர், முற்றிலும் தனியான ஒரு நாவலைத் தொடங்குங்கள். நான் மிகவும் நம்புகிற ஆலோசனை இதுதான். பலருக்கு ஏஜென்ட் கிடைப்பது முதலில் எழுதிய நாவலுக்கு அல்ல, இரண்டாவது, மூன்றாவது நாவலுக்கு. பேச வரும் ஏஜென்ட்டும் "அடுத்து என்ன எழுதுகிறீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார். எல்லாவற்றையும்விட, புதிய நாவலின் மூன்றாவது அத்தியாயத்துக்குள் போய்விட்டவருக்குப் பழைய நாவலுக்கு வரும் மறுப்பு முன்னளவு வலிப்பதில்லை. நம்பிக்கை வைக்க இப்போது அவரிடம் இன்னொரு இடமும் இருக்கிறது.

நாவலுக்கு மனம் வரவில்லையா, ஒரு சிறுகதை எழுதி இதழுக்கு அனுப்புங்கள். வெளியானால் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு வரி சேரும்.

எப்போது நிறுத்துவது?

பொருத்தமான ஏஜென்ட்டுகள் தீர்ந்ததும். உங்கள் வகை நாவலை எடுக்காதவர்களுக்கும் அனுப்பி எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை. இந்த எண்ணிக்கையில் நிறுத்து என்று பொதுவாக யாரும் சொல்லிவிட முடியாது. கடிதத்தை மாற்றியாயிற்று, முதல் பக்கங்களை மாற்றியாயிற்று, வாசித்தவர்கள் சொன்னதைச் செய்தாயிற்று, பட்டியலும் முடிந்தது என்றால் நாவலை எடுத்து வையுங்கள். எடுத்து வைத்தால் அது போய்விட்டது என்றில்லை. வேறு நாவலுக்காகக் கிடைத்த ஏஜென்ட் பழையதையும் கேட்டு வாங்கிப் படித்தது உண்டு. மார்லன் ஜேம்ஸ் செய்த மாதிரி அழித்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

உடம்புக்கு முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எழுதவே தோன்றவில்லை என்றால் பட்டியல் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதம் அனுப்பாமல் இருங்கள். ஏஜென்ட்டுகள் எங்கேயும் போய்விட மாட்டார்கள்.

ஒருவர் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார்! உடனே சரி சொல்லலாமா?

இல்லை. இரண்டு வாரம் கேட்பது வழக்கம், அவரும் அதை எதிர்பார்ப்பார். அந்த நாட்களில், பிரதியோ கடிதமோ கையில் வைத்திருக்கும் மற்ற எல்லோருக்கும் "எனக்கு ஒப்புதல் வந்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். மாதக்கணக்கில் மௌனமாக இருந்தவர்கள் இரண்டே நாளில் படித்துப் பதில் போடுவதைப் பார்ப்பீர்கள். என்ன திருத்தம் வேண்டும் என்கிறார், எந்தெந்தப் பதிப்பகத்துக்கு அனுப்ப நினைக்கிறார், விற்காவிட்டால் என்ன செய்வார், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள என்ன வழி என்றெல்லாம் கேளுங்கள். அவருடைய மற்ற எழுத்தாளர்கள் ஒருவர் இருவரிடம் பேச வேண்டும் என்றும் கேட்கலாம்.

அதோடு காத்திருப்பு முடிந்துவிடுமா?

முடியாது. ஏஜென்ட்டோடு திருத்தம், பிறகு பதிப்பக எடிட்டர்களுக்கு அனுப்புதல், அங்கேயும் பல மாதம். விற்ற பிறகும் புத்தகம் வர ஒன்றரை, இரண்டு வருடம். ஒரு வித்தியாசம், இனி உங்களோடு சேர்ந்து காத்திருக்க ஒருவர் இருப்பார்.

ஏஜென்ட்டே இல்லாமல் முடியாதா?

இந்தியாவுக்குள் முடியும். இங்கேயும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள், ஆனால் நேரடியாகப் பிரதி வாங்கும் ஆங்கிலப் பதிப்பகங்களும் உண்டு. அந்தந்தப் பதிப்பகத்தின் தளத்தில் விதிமுறையைப் பாருங்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்கூடச் சில சின்னப் பதிப்பகங்கள், வருடத்தில் குறிப்பிட்ட மாதங்களில் ஏஜென்ட் இல்லாத எழுத்தாளர்களிடமிருந்து பிரதி வாங்குகின்றன. தமிழில் எழுதினால் இந்தக் கேள்வியே எழாது. பிரதியை நேராகப் பதிப்பாளருக்கே அனுப்புவதுதான் இங்கே முறை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் பலரை அவர்கள் அரங்கிலேயே பார்த்துப் பேசலாம். கூட்டம் குறைவாக இருக்கும் வார நாள் மதியம் போங்கள். பிரதியைக் கையில் கொடுக்காமல், எந்த முகவரிக்கு எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.